கல்லூரிக் கூடைப்பந்து: வலுவான நெட்டையரை எடுப்பதா, ஒல்லியான நெட்டையரை எடுப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள் சேர்க்கும் காலம் வந்தால் இந்த வழக்கும் கூடவே வந்துவிடும். தோளும் தொடையும் திரண்டு, இன்றைக்கே களமிறங்கி முட்டி மோதக்கூடிய பையன் ஒருவன். அவனைவிட நான்கு அங்குலம் உயரமாக, விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி இன்னொருவன். ஸ்காலர்ஷிப் யாருக்கு? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடையைக் கேட்பதற்கு முன், அவன் எத்தனை ஆண்டு நம்மிடம் இருப்பான் என்றுதான் நான் கேட்பேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

"பிக் மேன்" என்று யாரைச் சொல்கிறார்கள்?

சென்டர், பவர் ஃபார்வர்ட் ஆகிய இரண்டு இடங்களில் ஆடுபவர்களை. கல்லூரி அளவில் பெரும்பாலும் 6 அடி 8 அங்குலத்துக்கு மேல். வளையத்தின் அருகே நின்று ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடிப்பது, எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவது, பந்தைக் கொண்டுவரும் கார்டுகளுக்கு மறைப்பு போட்டுக் கொடுப்பது, முதுகைக் கூடைக்குக் காட்டி நின்று பந்து வாங்கிப் புள்ளி எடுப்பது ஆகியவை இவர்கள் வேலை. கல்லூரிப் பட்டியலில் அச்சாகும் உயரத்தையும் எடையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தில் ஷூவும் சேர்ந்திருக்கும். எடையில் பயிற்சியாளரின் ஆசையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

எடை கூடுதல் என்றால் வலிமையும் கூடுதல்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2009 பிப்ரவரி 16 அன்று ஹார்ட்ஃபர்டில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கனெக்டிகட் அணிக்கு 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீத் சென்டர். தான்சானியாக்காரர், பதின்வயதின் நடுவில்தான் கூடைப்பந்துக்கு வந்தவர், ஷாட்டைத் தட்டிவிடுவதில் நாடறிந்தவர். எதிரே பிட்ஸ்பர்க் அணியின் டெஹுவான் பிளேர், 6 அடி 7 அங்குலம். பட்டியல் எடையில் இருவரும் ஏறத்தாழ ஒன்றுதான்: 120 கிலோவை ஒட்டி. ஆனால் தபீத்திடம் அந்த எடை எட்டு அங்குலம் கூடுதலான உயரத்தில் பரவிக் கிடந்தது. பிளேரிடம் அது இடுப்பிலும் தொடையிலும் இறங்கியிருந்தது.

முதல் பாதியில் ஒரு ரீபவுண்டுக்கு இருவரும் கை பின்னிக்கொண்டார்கள். பிளேர் கையை விடுவிக்க வேகமாக இழுத்தார். அந்த இழுப்பில் தபீத் அவர் தோளைத் தாண்டிப் புரண்டு தரையில் விழுந்தார். ஏழேகால் அடி மனிதர் ஒருவர் அப்படி அந்தரத்தில் திரும்பி விழுவதைக் கூடைப்பந்துத் திடலில் அடிக்கடி பார்க்க முடியாது. ஆட்டம் முடிந்தபோது பிளேருக்கு 22 புள்ளி, 23 ரீபவுண்ட். தபீத்துக்கு 5 புள்ளி, 4 ரீபவுண்ட். பிட்ஸ்பர்க் 76-68 என்று வென்றது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு பிளேரின் சூட்சுமம் புரியும். பாரம் அடியில் இருப்பவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து விடுவார். ஆகவே ஒரு பையனைப் பார்க்கப் போகிறவர்கள் புஜத்தை அளப்பதில் நேரத்தை வீணாக்காமல், அவன் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கிறானா, அப்படி நின்றால் எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று பார்ப்பது நல்லது.

அந்த ஆண்டு பிக் ஈஸ்ட் மாநாட்டின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவை மாநாடு என்பார்கள்) சிறந்த ஆட்டக்காரர் விருதை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆனால் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் ஜூன் மாதத் தேர்வில் தபீத் இரண்டாவது ஆளாகப் போனார், பிளேர் 37வது. பிளேரின் இரண்டு முழங்காலிலும் முன்புறக் குறுக்குத் தசைநார் இல்லை என்பது தெரிய வந்ததும் அதற்கு ஒரு காரணம். உயரத்துக்குக் கொடுத்த விலைதான் பெரிய காரணம். தபீத் என்.பி.ஏ.வில் சோபிக்கவில்லை என்பது பிந்தைய கதை.

கல்லூரி ஆட்டத்தில் வலிமைக்கு ஏன் அவ்வளவு மரியாதை? என்.பி.ஏ.வில் அப்படி இல்லையே?

விதிப் புத்தகம்தான் முதல் காரணம். வளையத்துக்கு முன்னால் வண்ணம் பூசிய செவ்வகத்தின் அகலம் என்.பி.ஏ.வில் 16 அடி, கல்லூரியில் 12 அடி. தாக்கும் அணியின் ஆள் அதற்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதால், அவர் அதன் விளிம்பில்தான் இடம் பிடிப்பார். கல்லூரியில் அந்த விளிம்பு வளையத்துக்கு இரண்டடி நெருக்கம். முரட்டு ஆள் ஒருவருக்கு இரண்டடி என்பது ஒரு தப்படி. பந்து கைக்கு வந்து, ஒரு முறை தட்டி, தோளை உள்ளே விட்டால் வளையம் தலைக்கு மேலே இருக்கும்.

அந்த இடத்தைப் பிடிப்பதற்கு நடக்கும் சண்டையைக் கேமரா பெரும்பாலும் காட்டுவதில்லை. அது பந்தின் பின்னால் போய்விடுகிறது. அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு சென்டரைப் பாருங்கள். அவர் ஓடி வந்து தன் பின்புறத்தைக் காவல் நிற்பவரின் தொடையில் பதிப்பார். காவலர் முன்கையை மடித்து அவர் முதுகில் ஊன்றுவார். இவர் ஒரு அங்குலம் பின்னால் தள்ளுவார், அவர் அரை அங்குலம் மீட்பார். பந்து வருவதற்குள் சென்டரின் கால்கள் எங்கே நிற்கின்றனவோ, அந்த ஷாட்டின் விதியில் முக்கால் பங்கு அங்கேயே எழுதப்பட்டுவிடும். ஒல்லியானவரை இந்த இழுபறியில் மூன்றடி வெளியே தள்ளிவிட்டால், பந்து வாங்கியும் பயனில்லை.

ஃபவுல் கணக்கு இரண்டாவது. 48 நிமிட என்.பி.ஏ. ஆட்டத்தில் ஆறு ஃபவுல் வரை விடுவார்கள். 40 நிமிடக் கல்லூரி ஆட்டத்தில் ஐந்தோடு வெளியே. காலால் இடத்தைக் காக்க முடியாதவர் கையால் காக்கப் பார்ப்பார், விசில் ஊதப்படும். 2022 மார்ச்சில் தேசியக் கோப்பைப் போட்டியின் முதல்தர அணியான கொன்சாகா, ஆர்கன்சாவிடம் 68-74 என்று தோற்ற ஆட்டத்தில், அந்த அணியின் ஏழடி செட் ஹோம்கிரென் 11 புள்ளி, 14 ரீபவுண்ட் எடுத்திருந்தும் ஐந்தாவது ஃபவுலோடு பெஞ்சுக்குப் போனார். அவருடைய பட்டியல் எடை 88 கிலோ.

மூன்றாவது, வயது. பதினெட்டு வயதுப் பையனுக்கு எதிரே இருபத்து மூன்று வயது ஆண்மகன் நிற்பான்.

அப்படியானால் ஒல்லியானவர்களின் பின்னால் ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்?

ஹோம்கிரெனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தோல்வி ஒரு நாள் கதை. அந்தப் பருவம் முழுக்க அவர் சராசரி 14.1 புள்ளி, 9.9 ரீபவுண்ட், 3.7 பிளாக் (தட்டிவிட்ட ஷாட்). கைவிரித்தால் ஏழரை அடி. அவர் உள்ளே நிற்கிறார் என்பதற்காகவே எதிரணிக் கார்டுகள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. கல்லூரி விதியில் காவல் அணியின் ஆள் வளையத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், என்.பி.ஏ.வில் உள்ள மூன்று நொடித் தடை இங்கே இல்லை. தட்டிவிடும் கலை தெரிந்த நெட்டையருக்கு இது பெரிய சலுகை.

இதன் உச்சம் 2012 இறுதி ஆட்டம். கென்டக்கியின் அந்தோனி டேவிஸ் பத்து ஷாட் அடித்து ஒன்றைத்தான் போட்டார். மொத்தம் ஆறு புள்ளி. ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்), 3 ஸ்டீல் (பறித்த பந்து). கான்சஸை 67-59 என்று வென்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. அதிகம் புள்ளி எடுக்காமலே ஓர் இறுதி ஆட்டத்தைக் கைக்குள் வைத்திருக்க முடியும் என்பதை வேறு யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் 110 கிலோவைத் தாண்டிய டெரன்ஸ் ஜோன்ஸ் நின்று முட்டல் மோதலில் பாதியை வாங்கிக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் கார்டாக ஆடத் தொடங்கி, அங்கேயே இருபது சென்டிமீட்டர் வளர்ந்தவர். பந்தைத் தட்டி ஓடும் பழக்கமும் பார்வையும் குட்டையாக இருந்தபோதே வந்துவிட்டன, உயரம் பிறகு வந்தது. இப்படிப்பட்ட ஒல்லிப் பையன் கிடைத்தால் நானும் யோசிக்காமல் எடுப்பேன்.

ஜிம்மில் விட்டு எடையை ஏற்றிவிட முடியாதா?

முடியும். எவ்வளவு நாளில், யாருக்காக என்பதுதான் சிக்கல்.

நீண்ட கைகால் உள்ளவருக்கு ஐந்து கிலோ தசை சேர்ந்தாலும் அது நீளத்தில் கரைந்துவிடும். பாரம் தூக்கும்போது அவர் கடக்க வேண்டிய தூரமும் அதிகம். குட்டையானவருக்கு எளிதாக வரும் ஸ்குவாட் அவருக்கு முதுகுவலியில் போய் முடியலாம். பதினெட்டு வயதில் உடம்பு உண்பதையெல்லாம் எரித்துத் தள்ளும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஓடும் பருவத்தில் எடை ஏறாது, இருப்பது குறையாமல் பார்த்துக்கொண்டாலே பெரிது. உண்மையான ஏற்றம் கோடைக்காலத்தில்தான். ஆகவே "ஒரு ஆண்டு" என்று சொன்னால் அது சில மாதங்கள் என்று பொருள்.

சாப்பாட்டிலும் ஒரு கூத்து இருந்தது. பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களுக்குத் தரும் உணவுக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கட்டுப்பாடு வைத்திருந்தது. 2014இல் கனெக்டிகட் அணி கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தபோது அதன் கார்டு ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போகிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். கோடிகள் புரளும் விளையாட்டில் அது சங்கடமான செய்தி. அதே ஏப்ரலில் அளவில்லாமல் உணவு தரலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன் ஒல்லிப் பையனுக்கு எடை ஏற்றச் சொல்லிவிட்டு, இரவு உணவுக்கு அவனையே வழி தேடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பொறுத்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. நைஜீரியாவின் லாகோஸிலிருந்து 1980இல் ஹூஸ்டன் வந்த ஹக்கீம் ஒலாஜுவான் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடியவர். முதல் ஆண்டு அவரை ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். கோடையில் அதே நகரத்தின் ஃபோண்டே பொழுதுபோக்கு மையத்தில் மோசஸ் மலோனோடு மோதிப் பழகினார். மலோன் அப்போது என்.பி.ஏ.வின் முரட்டு ரீபவுண்டர். எந்த ஜிம் கருவியும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காது. 1983, 1984 இரண்டு ஆண்டும் ஹூஸ்டன் இறுதி ஆட்டத்துக்குப் போனது.

விஸ்கான்சினின் ஃப்ராங்க் கமின்ஸ்கி இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அவரிடம் யாரும் ஒலாஜுவானை எதிர்பார்க்கவில்லை. ஏழடி உயரம். முதல் ஆண்டு சராசரி 1.8 புள்ளி, இரண்டாம் ஆண்டு 4.2. மூன்றாம் ஆண்டு 13.9, நான்காம் ஆண்டு 18.8, அதோடு 2015இன் தேசியச் சிறந்த ஆட்டக்காரர் விருது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள்; நெட்டையர் விஷயத்தில் அந்தப் பழமொழியை நம்பினால் ஏமாந்து போவோம். கடற்படை அகாடமிக்குள் நுழையும்போது டேவிட் ராபின்சன் 6 அடி 7 அங்குலத்தைத் தாண்டவில்லை. உள்ளே போய் ஏழடியைத் தொட்டார், 1987இல் என்.பி.ஏ. தேர்வின் முதல் ஆள் ஆனார்.

ஏற்ற முடியாதது ஏதாவது உண்டா?

மூன்று. பந்தை நழுவவிடாத கை, பக்கவாட்டில் தடுமாறாத கால், இடிபடுவதில் ஒரு விருப்பம். கடைசியது மிக அரிது. மிஷிகன் ஸ்டேட் பயிற்சியாளர் டாம் இஸ்ஸோ ஒரு காலத்தில் தன் ஆட்களுக்கு அமெரிக்கக் கால்பந்தின் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டி ரீபவுண்டுக்கு மோதவிட்டார். அதில் சிரித்துக்கொண்டே எழுந்து வருபவன் ஒல்லியாக இருந்தாலும் ஒன்றுமில்லை. ஒதுங்கி நிற்பவனுக்கு இருபது கிலோ ஏற்றினாலும் அவன் இன்னும் கனமாக ஒதுங்கி நிற்பான்.

ஒல்லியானவர்கள் சீக்கிரம் அடிபட்டு விடுவார்கள் என்கிறார்களே?

அப்படி ஓர் எண்ணம் இருக்கிறது. ஓரேகானில் 7 அடி 2 அங்குல போல் போல் 2018-19 பருவத்தில் ஒன்பதே ஆட்டம் ஆடினார், சராசரி 21 புள்ளி. பிறகு பாதத்தில் எலும்பு முறிவு, பருவம் முடிந்தது. ஆனால் திடகாத்திரமானவர்கள் பக்கமும் இதே கதைதான். ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடன் ஏழடி, 113 கிலோ. 2007 இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் 25 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தவர். முழங்கால்கள் கெட்டு என்.பி.ஏ.வில் மொத்தமே 105 ஆட்டங்கள்தான் ஆடினார். கான்சஸின் ஜோயல் எம்பீட் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு 2014 மார்ச் போட்டியை உட்கார்ந்து பார்த்தார். ஏழடி உடம்பின் பாரத்தைப் பாதமும் முழங்காலும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒல்லியோ பருமனோ, அபாயம் உயரத்தோடு சேர்ந்தே வருகிறது. இதில் பக்கம் சாய்வதற்கு ஒன்றுமில்லை.

டூரண்ட் ஒரு முறைகூட பாரம் தூக்க முடியவில்லையாமே?

உண்மை. 2007 என்.பி.ஏ. தேர்வுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு பெஞ்ச் பிரஸ்ஸை, பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டூரண்ட் ஒரு முறையும் தூக்கவில்லை. இருந்தும் தேர்வில் முதலில் ஓடன் போனார், அடுத்த ஆளாக டூரண்ட். ஆனால் இதைக் காட்டி ஒல்லி சென்டருக்கு வாதாடாதீர்கள். டூரண்ட் வெளியிலிருந்து ஷாட் அடிப்பவர், கூடைக்கடியில் கூடாரம் போடுபவர் அல்லர்.

மிகப் பருமனாக இருந்தால்?

வலுவான ஆள் என்று எடுத்தவர் ஓட முடியாதவராகிவிடும் அபாயம் உண்டு. கேலப் ஸ்வானிகன் எட்டாம் வகுப்பில் 160 கிலோவை எட்டியிருந்தார். இளைத்து, பர்டூவில் சேர்ந்து, 2017இல் பிக் டென் மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரரானார். 2022இல், 25 வயதில் காலமானார். சுமையை இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம் என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் அதைச் செய்து காட்டினார்.

இந்திய வம்சாவளியில் முதலில் என்.பி.ஏ. ஆட்டம் ஆடிய சிம் புல்லரும் இந்தக் கேள்விக்குள் வருகிறார். டொராண்டோவின் பஞ்சாபிக் குடும்பம், 7 அடி 5 அங்குலம், 160 கிலோவுக்கு மேல். நியூ மெக்சிகோ ஸ்டேட் அணிக்கு இரண்டு ஆண்டு ஆடி, இரண்டு முறையும் தன் மாநாட்டுப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். சிறிய மாநாட்டில் அவரைத் தாண்டி ஷாட் அடிக்க ஆளில்லை. 2014 என்.பி.ஏ. தேர்வில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு என்.பி.ஏ.வின் சாக்ரமெண்டோ அணிக்குச் சில ஆட்டங்களில் சில நிமிடங்கள். அந்தக் கல்லூரிக்கு அவரால் கிடைத்தது லாபமா என்றால், சந்தேகமில்லாமல் லாபம்.

கல்லூரியில் கொடிகட்டிப் பறக்கும் வலுவான சென்டர்களை என்.பி.ஏ. ஏன் கண்டுகொள்வதில்லை?

தூரத்திலிருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஷாட்டும் அகன்ற திடலும் அங்கே ஆட்டத்தை மாற்றிவிட்டன. வெளியே வந்து கார்டைத் துரத்த முடியாத சென்டருக்கு அங்கே கிராக்கி குறைவு. கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022இன் தேசியச் சிறந்த ஆட்டக்காரர், ஆட்டத்துக்கு 15 ரீபவுண்ட். தேர்வில் அவர் பெயர் வரவே இல்லை. இல்லினாயின் கோஃபி காக்பர்ன், வட கரோலினாவின் ஆர்மாண்டோ பேகாட், கொன்சாகாவின் ட்ரூ டிம்மி, கான்சஸின் ஹண்டர் டிக்கின்சன், எல்லோருக்கும் அதே கதி. ஐயோவாவின் லூக்கா கார்சா 2021 விருதை வாங்கிவிட்டு 52வது ஆளாகப் போனார்.

கல்லூரிப் பயிற்சியாளருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. என்.பி.ஏ. கூப்பிடாதவர் கல்லூரியிலேயே நான்கு, ஐந்து ஆண்டு இருப்பார். ஒல்லியான அதிசயப் பையனோ, 2006இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி பள்ளி முடித்து ஓராண்டு கழிந்ததும் பறந்துவிடுவான். அவன் உடம்பு தேறும்போது அதன் பலனை அனுபவிப்பது ஏதோ ஒரு என்.பி.ஏ. அணி. ஹோம்கிரென் கொன்சாகாவில் இருந்தது ஒரு பருவம். 2025இல் அவர் ஓக்லஹோமா சிட்டியோடு என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கினார்.

மாறுதல் போர்ட்டல் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டதா?

தலைகீழாக. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும். அந்தப் பயத்தில் பையன்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், பயிற்சியாளரும் கமின்ஸ்கி மாதிரி ஒருவரைப் பொறுமையாகச் செதுக்க முடிந்தது. 2018 அக்டோபரில் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல், திறந்தது. 2021இல் ஒரு முறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நடுவே 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2025-26இல் உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலராக இருந்தது.

விளைவு என்ன? ஒல்லிப் பையனை நீங்கள் எடுக்கிறீர்கள், இரண்டு கோடைக்காலம் சோறு போட்டுத் தேற்றுகிறீர்கள், அவன் ஆளானதும் பணக்காரக் கல்லூரி ஒன்று கொத்திக்கொண்டு போகிறது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன். ஆகவே நடுத்தரக் கல்லூரிகள் பள்ளிப் பையனை நெடுநாள் முதலீடாக எடுக்கத் தயங்குகின்றன. பெரிய கல்லூரிகளோ இருபத்தொரு வயதில் முற்றிய சென்டரைக் கடையில் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்கின்றன. டிக்கின்சன் மிஷிகனிலிருந்து கான்சஸுக்குப் போனார். விளாடிஸ்லாவ் கோல்டின் டெக்சஸ் டெக், ஃப்ளோரிடா அட்லாண்டிக், மிஷிகன் என்று மூன்று சட்டை மாற்றினார். 2025 கோப்பையை வென்ற ஃப்ளோரிடா அணியின் ரூபன் சின்யெலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்தும், மைக்கா ஹேண்ட்லாக்டன் மார்ஷலிலிருந்தும் வந்தவர்கள்.

வலுவானவரின் விலை ஏறியதற்குக் காரணம் ஆட்டம் மாறியது அல்ல, பொறுமைக்கு இருந்த பாதுகாப்பு போனது. ஒரு விதிவிலக்கு சொல்கிறேன்: பர்டூவின் சாக் ஈடி. டொராண்டோவில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி, பதினைந்து பதினாறு வயதில் கூடைப்பந்துக்கு வந்தவர். பள்ளி முடிக்கும்போது தரவரிசையில் 400க்கும் கீழே. 7 அடி 4 அங்குலம், இறுதியில் 136 கிலோ. முதல் ஆண்டு 8.7 புள்ளி, கடைசி ஆண்டு 25.2. 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசிய விருது. நான்கு ஆண்டும் ஒரே சட்டை. மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டவர் என்பதால் அமெரிக்க மண்ணில் விளம்பர வருமானம் பார்ப்பதும் அவருக்குச் சிக்கலாக இருந்தது, ஆனாலும் இருந்தார். இன்னொரு ஈடி கிடைப்பார் என்று திட்டம் போடும் பயிற்சியாளரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

அந்த ஈடி இருந்தும் பர்டூ சின்ன அணியிடம் தோற்றதே?

2023இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற பல்கலைக்கழகத்திடம் 58-63. முதல் டிவிஷனின் 363 அணிகளில் சராசரி உயரத்தில் கடைசி அணி அது. முந்தைய ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி முதலில் ஷீப்வேயின் கென்டக்கியை, பிறகு பர்டூவை வீட்டுக்கு அனுப்பியது. ஷீப்வே அந்த ஆட்டத்தில் 30 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்திருந்தார். ஈடியும் ஃபேர்லி டிக்கின்சன் ஆட்டத்தில் 21 புள்ளி, 15 ரீபவுண்ட்.

இருவருடைய கணக்கிலும் குறை இல்லை. சிறிய அணி செய்ததெல்லாம் சென்டரின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று பந்து உள்ளே போகும் வழியை அடைத்தது. அப்போது வெளியே நிற்பவர்கள் ஷாட்டைப் போட்டாக வேண்டும். பர்டூ அன்று 26 மூன்று புள்ளி ஷாட் அடித்து ஐந்தைத்தான் போட்டது. வலுவான சென்டரை எடுக்கும் கல்லூரி அவருக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த கார்டையும், தூரத்திலிருந்து குறி தவறாதவர்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பர்டூ அதைச் சரிசெய்துகொண்டு 2024இல் இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே கனெக்டிகட் 75-60 என்று வென்றது. ஈடிக்கு 37 புள்ளி. கனெக்டிகட்டின் 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கன் அவரோடு தனியாக மோதினார், மற்ற நால்வரும் வெளியே இருந்தவர்களை விட்டு நகரவில்லை. தன்னந்தனியாக ஈடியைத் தாங்கும் உடம்பு இருந்ததால்தான் அந்தத் திட்டமே சாத்தியமானது.

ஒருவர் வலு, ஒருவர் ஒல்லி என்று இரண்டையும் எடுத்தால்?

முடிந்தால் அதுதான் உத்தமம். 2006, 2007 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற ஃப்ளோரிடாவில் அல் ஹார்ஃபர்ட் கட்டுமஸ்தானவர், ஜோக்கிம் நோவா கையும் காலுமாக இருந்தவர். 2004இல் ஒரே வகுப்பில் சேர்ந்தார்கள். முதல் ஆண்டு நோவா பெரும்பாலும் பெஞ்சில். 2006 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. முட்டுவதற்கு ஹார்ஃபர்ட் இருந்ததால் நோவா ஓடவும் தட்டிவிடவும் நேரம் கிடைத்தது. கொன்சாகாவில் டிம்மி, ஹோம்கிரென் ஜோடியும் அதே ஏற்பாடுதான்.

ஒரே ஒரு ஸ்காலர்ஷிப் மிச்சம் என்றால்?

கென்டக்கி, டியூக் மாதிரி இடமாக இருந்தால், டேவிஸ் போலப் பந்தைக் கையாளத் தெரிந்த ஒல்லிப் பையனை எடுப்பேன். ஓராண்டு போதும், அடுத்த ஆண்டு இன்னொருவன் வருவான். வேறெந்தக் கல்லூரியாக இருந்தாலும் தாழ்ந்து நிற்கத் தெரிந்த, 6 அடி 8 அங்குல முரடனைத்தான் எடுப்பேன். ஏழடி ஒல்லிக்கு ஆசைப்பட்டு இவனைக் கைவிட்டால், பறப்பதற்கு ஆசைப்பட்டு இருப்பதை இழந்த கதையாகிவிடும்.

முடிவு செய்யும் முன் அவனுடைய ஆட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பேன், அதுவும் கோடைப் போட்டிகளில், ஒரே நாளில் அவன் ஆடும் மூன்றாவது ஆட்டத்தை. கால் களைத்த நேரத்தில் ஷாட் மேலே போகும்போது அவன் பந்தை அண்ணாந்து பார்க்கிறானா, அல்லது திரும்பி ஒரு உடம்பைத் தேடிப்பிடித்து இடுப்பால் அடைக்கிறானா என்று கவனிப்பேன். முடிந்தால் அம்மா அப்பாவையும் பார்த்துவிட்டு வருவேன். அப்பாவின் தோள் அகலமும் பையனின் ஷூ அளவும், அவன் இன்னும் எவ்வளவு விரிவான் என்பதைப் பட்டியலைவிட நன்றாகச் சொல்லும்.